சொத்தை இல்லாத பல்வலி

நேயர்களுக்கு வணக்கம். பல் மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். தாடை வலியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த வலியைப் பார்க்க இளம் மருத்துவர்களை எப்படிப் பழக்குகிறோம் என்று சொல்கிறேன். நோயாளியாக நீங்கள் எங்களிடம் வரும்போது உதவும்.

ஒரு பை நிறைய எக்ஸ்ரே படங்களோடு சிலர் வருவார்கள். முதலில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. வலி போகவில்லை. அப்புறம் அதே பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது பக்கத்துப் பல் வலிக்கிறது. படத்தைப் பார்த்தால் பல்லில் ஒரு குறையும் இருக்காது. கன்னத்திலுள்ள மெல்லும் தசை நொந்துபோனால் அந்த வலி கடைவாய்ப் பல்லில் தெரியும். நெற்றிப்பொட்டுத் தசையின் வலி மேல்வரிசைப் பல்லில் தெரியும். தசைக்கும் பல்லுக்கும் ஒரே நரம்புதான், ஐந்தாம் மூளை நரம்பு. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே குழப்பம்.

எங்கள் முதுநிலை மாணவர்கள் பி.டி.எஸ். ஐந்து வருடமும் கைவேலை பழகி வந்த பிள்ளைகள். வலி என்றதும் கை தானாகக் கருவியைத் தேடும். அதனால் முதலில் உட்கார்ந்து கேட்கச் சொல்வேன். வலி காலையில் அதிகமா, மாலையிலா? மெல்லும்போதா? முகம் கழுவினால், காற்று பட்டால் ஷாக் அடித்த மாதிரி வருகிறதா? தூக்கம் எப்படி? இந்தப் பேச்சிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

அப்புறம்தான் விரல். 2014இல் வெளியான சர்வதேச நோயறிதல் முறைப்படி தசையை ஒரு கிலோ அழுத்தத்திலும், காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டை அரைக் கிலோவிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். இதைப் பழக சமையலறைத் தராசு ஒன்று போதும். முள்ளைப் பார்க்காமல் விரலால் அழுத்திவிட்டு, பிறகு பார்க்கச் சொல்வேன். அரைக் கிலோ என்று நினைத்து ஒன்றரைக் கிலோ அழுத்தியிருப்பார்கள். அப்படி அழுத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? கேள்வியும் முக்கியம். "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலியா இது?" என்று கேட்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா, அந்தப் பல்லை மட்டும் மரத்துப்போக வைப்போம். வலி அசையவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறது. வாய் திறக்கவில்லை என்று வருபவர்களுக்கு மூட்டைத் தொடும் முன் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். நம் ஊரில் பாக்கும் குட்காவும் போட்டுச் சதை இறுகிப்போனவர்கள் ஏராளம்.

இரண்டு வலிகளில் தாமதம் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை சோர்வு, பார்வை மங்கல் என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் கண்ணே போய்விடலாம். நடந்தால் தாடை வலித்து, நின்றால் விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 2020இல் வாய், முக வலி மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகரித்துவிட்டார்கள். இங்கே இது வாய் மருத்துவம், கதிரியல் துறைக்குள் ஒரு பகுதி. தனிப் பட்டம் வரட்டும், நல்லதுதான். அதற்கு முன் பி.டி.எஸ். பாடத்திலேயே கூடுதல் நேரம் கொடுத்தால் எத்தனையோ பற்கள் பிழைக்கும்.

தசையிலிருந்து வரும் வலிக்குச் சிகிச்சை பெரும்பாலும் எளிது: மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், பல்லோடு பல் முட்டாமல் வைத்திருக்கும் பழக்கம். சிலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். மருந்துக் கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரையாச்சே" என்பார். வலிக்கும் இதையே தருவதுண்டு என்று, சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு. சொல்லாமல் அனுப்பினால் மாத்திரை குப்பைக்குப் போகும், நோயாளி வேறொரு பல்லைப் பிடுங்கப் போய்விடுவார்.

நன்றி, வணக்கம்.