நாலு இருக்கைக்கு எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம்.

தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வந்தால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். படம் எடுப்பார்கள், செய்தியில் வரும். அதே நிலையத்தில் புதிதாக நாலு பேர் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டியைப் பார்த்ததும் அதில் ஏறப் போகிறவர்களைத்தான் முதலில் எண்ணுவேன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆள் வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரே ஓர் இருக்கை இரவும் பகலும் காலியாகாமல் இருக்க மூன்றரை ஆள் வேண்டும். வண்டியில் நாலு இருக்கை என்றால் 14 பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சிக்குப் போகிற நாள் எல்லாம் சேர்த்தால் 16, 17 ஆகிவிடும். பத்துப் பேர் இருக்கும் நிலையம் என்றால், பல இரவுகளில் வண்டி இரண்டு மூன்று பேரோடு கிளம்புகிறது என்று அர்த்தம்.

இரண்டு பேர் போனால் என்ன நடக்கும்? ஒருவர் பம்ப்பை விட்டு நகர முடியாது. மிச்சம் ஒருவர். புகைக்குள் யாரையும் தனியாக அனுப்பக் கூடாது. உள்ளே இருவர் போனால், அவர்களை மீட்க வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் வீட்டுத் தீயை வைத்து இதை அளந்து பார்த்தது. நாலு பேர் கொண்ட குழு, இரண்டு பேர் குழுவைவிட ஏறத்தாழ 30 சதவீதம் வேகமாக வேலையை முடித்தது. அடுத்த வண்டி வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. இன்றைய ஃபோம் சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அறை, சோதனைகளில் ஐந்து நிமிடத்துக்குள் முழுக்கப் பற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆள் இருக்கிறார், கருவியும் புதிது. போதுமா?

முதுகில் மாட்டும் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 6.8 லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம். ஏறக்குறைய 2000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 50 நிமிடம் வரும். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவருக்கு 80, 100 லிட்டர் தேவைப்படும், அப்போது நேரம் பாதியாகிவிடும். அதிலும் காற்று தீரும்வரை உள்ளே இருக்க முடியாது. அழுத்தம் 50, 55 பாருக்கு இறங்கியதும் எச்சரிக்கை விசில் அடிக்கும். அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

முதல் தடவை முகமூடி போட்டு, கண்ணை மறைத்துக்கொண்டு பயிற்சி அறைக்குள் தவழ்ந்தபோது பதினேழாவது நிமிடத்தில் எனக்கு விசில் அடித்துவிட்டது. தீயே இல்லை, வெறும் இருட்டுதான். பயத்தில் மூச்சு வாங்கியே காலி செய்திருக்கிறேன். மாதக்கணக்கில் டிரில் செய்த பிறகு அதே அறை, அதே சிலிண்டர், 26 நிமிடம் தாங்கியது. காற்று ஒரு லிட்டர்கூட கூடவில்லை. கருவியை வாங்கிப் பூட்டி வைத்து, சாவியை ஒருவர் இடுப்பில் வைத்திருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் கோபம் வரும், விடுங்கள்.

இன்னொன்று, வாங்க வேண்டியவை பட்டியலில் யாரும் எழுதாதது: தீக்குள் போட்டுக்கொண்டு போக இரண்டாவது கோட்டு. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கோட்டில் படியும் கரியிலும் அந்த ஆபத்து இருக்கிறது. அதைத் துவைக்கப் போட்டால், அடுத்த அழைப்புக்குப் போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் துவைக்கவே மாட்டார்கள். நாங்களும் துவைத்ததில்லை. கரி படிந்த கோட்டு அந்தக் காலத்தில் பெருமை!

அண்மையில் என் பழைய நிலையத்துக்குப் போயிருந்தேன். புது வண்டி நின்றது. இருக்கைகளின் பின்னால் நாலு மூச்சுக் கருவி. பணிப் பதிவேட்டைப் பார்த்தேன், பழைய பழக்கம். மூன்று பெயர்தான். நாலாமவர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். அவர் இடத்துக்கு யார் என்று கேட்டேன். வாசலில் ஒரு பையன் பையோடு வந்து நின்றான், பக்கத்து நிலையத்திலிருந்து. அப்படியானால் அங்கே இன்றைக்கு எத்தனை பேர் என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான்.

நன்றி, வணக்கம்.