பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைக் கனடாவின் மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணி 24 முறை வென்றதற்குப் பெரிதும் காரணம் வீரர்களா, தலைமைப் பயிற்சியாளர்களா? இதுதான் தலைப்பு. பயிற்சியாளர்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அம்மையார், "பயிற்சியாளர் பனியில் இறங்கிச் சறுக்கினாரா? கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சும்மா நின்றார், அவ்வளவுதானே" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். சும்மா நின்றார் என்கிறாரே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாம் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் மாடியில் உட்கார்ந்து நகம் கடிப்பார். பந்து வீசப்போவது யார் என்று முடிவு செய்வது கேப்டன். ஐஸ் ஹாக்கி அப்படி இல்லை. ஒரு நேரத்தில் பனியில் இருப்பது, ஒவ்வோர் அணிக்கும் கோல் கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஆடினால் மூச்சு வாங்கிவிடும். ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வெளியே வர, அடுத்த ஆட்கள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். யார் குதிக்க வேண்டும், எதிரணியின் எந்த ஆளுக்கு எதிராகக் குதிக்க வேண்டும் என்று 60 நிமிட ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பவர் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கோட்டுக்காரர். கல்யாணப் பந்தியை நின்று நடத்தும் பெரியவர் கரண்டியைத் தொடுவதே இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பந்தி போட்டுப் பாருங்கள். ரசத்துக்கு முன்னால் மோர் வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். அணி தொடங்கியது 1909இல். இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் அந்த இடத்தில் நின்றார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டோ பிளேக் 13 பருவங்கள் இருந்தார், 8 கோப்பைகள். ஸ்காட்டி போமன் 8 பருவங்கள், 5 கோப்பைகள். 21 பருவங்களில் 13 கோப்பைகள்! மற்ற எல்லாரும் சேர்ந்து, நூறு வருடத்துக்குப் பக்கமாகப் பாடுபட்டு, 11. திறமையான வீரர்கள் இந்த 21 பருவங்களில் மட்டும்தான் பிறந்தார்களா, நடுவர் அவர்களே?

பிளேக்குக்கு முன்னால் அங்கே 15 பருவங்கள் நின்றவர் டிக் இர்வின். சாதாரண ஆள் இல்லை, மூன்று கோப்பைகள் வாங்கித் தந்தவர். அவரிடம் நட்சத்திர வீரர் மோரீஸ் ரிஷார் இருந்தார். ரிஷாருக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கமாட்டார். அந்தக் கோபத்தை இர்வின் தணிக்கவில்லை, விசிறினார் என்பதுதான் நிர்வாகத்தின் எண்ணம். 1955 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் ரிஷார் ஒரு நடுவரையே அடித்துவிட்டார். (நீங்கள் பயப்பட வேண்டாம், ஐயா, இது பேச்சுப்போட்டிதான்.) லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் அந்தப் பருவத்தில் மீதி இருந்த ஆட்டங்கள் முழுக்க ரிஷாருக்குத் தடை போட்டார். மார்ச் 17 அன்று மாண்ட்ரியல் தெருக்களில் கலவரமே நடந்தது. ரிஷார் இல்லாத அணி இறுதிச் சுற்றில் டெட்ராய்டிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதற்கு முந்தின ஆண்டும் அதே டெட்ராய்டிடம், அதே ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றிருந்தார்கள்; அப்போது ரிஷார் ஆடினார்.

இர்வின் போனார், டோ பிளேக் வந்தார். இவர் ஒரு காலத்தில் ரிஷாரோடு ஒரே தாக்குதல் வரிசையில் ஆடியவர். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழியும் பேசுவார். ரிஷாரை எங்கே தட்டிக்கொடுப்பது, எங்கே கையைப் பிடித்து இழுப்பது என்று தெரிந்தவர். ரிஷார், பெலிவோ, ஹார்வி, கோல் கீப்பர் பிளான்ட் எல்லாரும் முந்தின வருடம் தோற்ற அதே ஆட்கள்தான். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள்! அதுவரை யாரும் செய்யாதது, அதன்பிறகும் யாரும் செய்யாதது. "தம்பி ஆன்ரி ரிஷாரும் அந்த வருடம்தானே சேர்ந்தார்" என்று எதிரணி குறிப்பெடுப்பது தெரிகிறது. சேர்ந்தார், நல்ல ஆட்டக்காரர். 19 வயதுப் பையன் வந்ததால்தான் ஐந்து கோப்பை வந்தது என்று சொல்ல உங்களுக்கே மனசு வராது.

அம்மையார் முகமூடிக் கதையையும் சொன்னார். 1959 நவம்பர் 1, நியூயார்க். பந்துக்குப் பதில் அடிக்கும் வட்டு முகத்தில் பட்டு பிளான்டுக்குத் தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் பனியில் இறங்கமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பிளேக்குக்கு முகமூடி என்றாலே ஆகாது. அதில் பிளான்ட் சொன்னதுதான் சரி, பிளேக் நினைத்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்காத ஒன்றுக்கு அன்று இரவே தலையாட்டி, அதே ஆளோடு அந்தப் பருவக் கோப்பையையும் வாங்கியவர் பிளேக்தானே? பிடிவாதத்தை எப்போது விடுவது என்று தெரிவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

போமனுக்கு வருகிறேன். 1976-77 பருவத்தில் 80 ஆட்டங்கள், 60 வெற்றி, 8 தோல்வி. லஃப்ளூர், டிரைடன் போன்ற வீரர்கள் இருந்தால் யார் நின்றாலும் ஜெயிக்கலாம் என்பது எதிரணியின் வாதம். அப்புறம் ஏன் போமன் 1992இல் பிட்ஸ்பர்க்கிலும், 1997, 1998, 2002இல் டெட்ராய்டிலும் கோப்பை வாங்கினார்? அங்கே லஃப்ளூர் ஏது? நடுவில் பஃபலோவில் வருடக்கணக்காக இருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதை எதிரணி வைத்துக்கொள்ளட்டும், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. அவரிடம் ஆடிய ஸ்டீவ் ஷட் சொன்னது: வருடத்தில் 364 நாள் அந்த மனிதரை வெறுப்போம், 365ஆவது நாள் போய்க் கோப்பை மோதிரத்தை வாங்கிக்கொள்வோம்.

எதிரணியின் பெரிய அஸ்திரம் 1971. இறுதிச் சுற்று நடக்கும்போதே, தன்னை உட்காரவைத்த அல் மெக்நீலைத் திறமையற்ற பயிற்சியாளர் என்று ஆன்ரி ரிஷார் ஊரறியத் திட்டினார். ஏழாவது ஆட்டத்தில் அதே ரிஷார் சமன் செய்யும் கோலும் வெற்றிக் கோலும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். கேட்க இனிக்கிறது. ஆனால் பாதிக் கதைதான் சொன்னீர்கள். லீக் ஆட்டங்களில் வெறும் ஆறே ஆட்டம் ஆடியிருந்த கென் டிரைடனை, நடப்புச் சாம்பியன் பாஸ்டனுக்கு எதிராகக் கோலில் நிறுத்தியது யார்? மெக்நீல். தன்னைத் திட்டிய ரிஷாரை வஞ்சம் வைக்காமல் ஏழாவது ஆட்டத்தில் இறக்கியது யார்? அதே மெக்நீல். கோப்பை வாங்கிய கையோடு அவரை ஹாலிஃபாக்ஸில் இருந்த துணை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போயும் அடுத்த வருடமே அந்த லீக்கின் கோப்பையை வாங்கினார் மனுஷன்!

இன்னொரு இரவு, 1993 ஜூன் 3. லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிரான இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டம் ஏற்கெனவே போய்விட்டது, இதிலும் 1-2 என்று பின்னால். மீதி இருப்பது ஒரு நிமிடம் 45 விநாடி. அப்போது பயிற்சியாளர் ஷாக் டெமெர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் வீரர் மார்ட்டி மெக்சோர்லியின் மட்டையை அளந்து பார்க்கச் சொன்னார். அப்போதைய விதிப்படி வளைவு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சரியாக இருந்தால் தண்டனை மாண்ட்ரியலுக்கு, தோல்வியும் நிச்சயம். அளந்தார்கள், வளைவு அதிகம். மெக்சோர்லி தண்டனைப் பெட்டிக்குப் போனார். டெமெர்ஸ் தன் கோல் கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதில் கோல் அடிக்க ஆறாவது ஆளை இறக்கினார். டெஷார்டான் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் அவரே ஜெயிக்கவும் வைத்தார். கோல் அடித்த கை டெஷார்டானுடையது, மறுக்கவில்லை. மட்டையை அளக்கச் சொன்ன வாய் யாருடையது? அந்த டெமெர்ஸுக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது என்பதை 2005இல் அவரே வெளியில் சொன்னார். அவர் வாங்கித் தந்ததுதான் 24ஆவது கோப்பை. அதற்கப்புறம் முப்பது ஆண்டுகள் தாண்டியும் 25ஆவது வரவில்லை.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். 1995 டிசம்பர் 2. புதுப் பயிற்சியாளர் மரியோ திரம்ப்ளே. அதற்கு முன் எங்கும் பயிற்சி தந்தவர் இல்லை. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கோல் கீப்பர் பாட்ரிக் ருவா ஒன்பது கோல் வாங்கும்வரை அவரை வெளியே எடுக்கவில்லை. ஆட்டம் 1-11. வெளியே வந்த ருவா பயிற்சியாளரைத் தாண்டி நேரே அணி நிர்வாகத்தின் தலைவரிடம் போய், மாண்ட்ரியலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்றார். நான்கே நாளில் கொலராடோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பருவத்துக் கோப்பை கொலராடோவுக்குப் போனது.

அந்த 11 கோல் அடித்த அணி டெட்ராய்ட். அன்று இரவு அவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர் ஸ்காட்டி போமன். வணக்கம்.