ஒரே மாண்டெஸ்கியூ, ரெண்டு நாடு: பிலடெல்பியாவுல ஓடின வண்டி பாரிஸ்ல ஏன் நின்னுச்சு?

வணக்கங்க. நேரா 1792 ஜூன் 20-க்குப் போயிடலாம். பாரிஸ், துய்லரி அரண்மனை. ஈட்டியும் கையுமா ஆயிரக்கணக்கான ஜனங்க உள்ள பூந்துட்டாங்க. பதினாறாம் லூயி ஜன்னலோரமா நிக்கிறாரு. செவப்புக் குல்லாயை மாட்டிக்கன்னாங்க, மாட்டிக்கிட்டாரு. தேசத்தோட நலத்துக்கு ஒரு மடக்கு ஒயின் குடிச்சும் காட்டினாரு. ஆனா கூட்டம் முக்கியமா கேட்டது வேற. "வீட்டோவை வாபஸ் வாங்கு!" அதை மட்டும் மனுஷன் கடைசி வரைக்கும் பண்ணல. ஏற்கெனவே அவருக்கு ஊர் வெச்ச பேரே 'மிஸ்டர் வீட்டோ', ராணி 'மேடம் வீட்டோ'.

வீட்டோங்கிறது, சபை நிறைவேத்தின சட்டத்தை மன்னர் தடுக்கலாம்னு சொல்ற அரசியலமைப்புப் பிரிவு, அவ்வளவுதான். ஒரு சட்டப் பிரிவுக்காகக் கூட்டம் அரண்மனை ஏறிச்சுன்னா, அந்தப் பிரிவை எழுதினதுலயே எங்கயோ கோளாறு இருக்கணும். அதே மாண்டெஸ்கியூவைப் படிச்சுத்தான் அமெரிக்காவும் வீட்டோ எழுதிச்சு, அங்க வண்டி ஓடிச்சு. இன்னைக்கு அந்தக் கோளாறைத்தான் பிரிச்சுப் பார்க்கப்போறோம்.

ஸ்கூல்ல இதை எப்படிப் படிச்சோம்? வால்டேர், ரூசோ, மாண்டெஸ்கியூ எழுதினாங்க, மக்கள் விழிச்சாங்க, புரட்சி வெடிச்சது. ரெண்டு மார்க். ஆனா புத்தகத்துல இருக்கிற யோசனை, மசோதா, ஓட்டு, கெடு நாள்னு மாறும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்குது.

முதல்ல மாண்டெஸ்கியூ. போர்டோ ஊர் பார்லமாங்ல உயர் பதவி வகிச்சவரு. இந்த பார்லமாங்ங்கிறது பாராளுமன்றம் இல்லீங்க, பழைய பிரான்ஸோட உயர் நீதிமன்றம். பேரைப் பார்த்து நிறைய பேர் குழம்புறாங்க. 1729-லருந்து 31 வரைக்கும் இங்கிலாந்துல தங்கியிருந்தாரு. 1748-ல ஜெனீவாவுல 'சட்டங்களின் சாரம்' அச்சாகுது. அதுல 11-ம் பாகம், 6-வது அத்தியாயம், இங்கிலாந்து அரசமைப்பைப் பத்தினது. சட்டம் போடுறது, நிறைவேத்துறது, தீர்ப்பு சொல்றது, இந்த மூணும் ஒரே கையில இருந்தா சுதந்திரம் போச்சுங்கிறாரு.

எல்லாரும் அதோட நிறுத்திடுவாங்க. அதே அத்தியாயத்துல இன்னொரு பிரிவினை இருக்கு. 'முடிவு பண்ற அதிகாரம்' வேற, 'தடுக்கிற அதிகாரம்' வேற. மன்னர் சட்டம் எழுதக்கூடாது, ஆனா வர்ற சட்டத்தைத் தடுக்கலாம். அதாவது சுவரு மட்டும் போதாது. ஒருத்தன் ஓட்டுற வண்டிக்கு இன்னொருத்தன் காலடியில பிரேக் இருக்கணும்.

இதுல ஒரு வேடிக்கை. இங்கிலாந்துல ராணி ஆன் ஒரு மசோதாவைக் கடைசியா மறுத்தது 1708-ல. புத்தகம் வரும்போது அந்த பிரேக் நாப்பது வருஷமாத் துருப்பிடிச்சுக் கிடக்கு. மந்திரிங்க எல்லாம் பார்லிமெண்டுக்குள்ளயே உக்காந்திருக்காங்க. அப்ப பிரிவினை எங்க? அவரே அத்தியாயக் கடைசியில நழுவிடுறாரு: ஆங்கிலேயர் நிஜமாவே இந்தச் சுதந்திரத்தை அனுபவிக்கிறாங்களான்னு பார்க்கிறது என் வேலை இல்ல, அவங்க சட்டத்துல இருக்கு, அது போதும்னு. இல்லாத இங்கிலாந்தைப் பார்த்து ரெண்டு நாடு அரசியலமைப்பு எழுதிச்சுன்னு சொன்னா அது பெரிய மிகை ஆகாது.

இப்ப அமெரிக்கா. 1776 சுதந்திரப் பிரகடனத்துல மன்னர் மேல அடுக்கின புகார்ப் பட்டியல்ல முதல் புகாரே, எங்க சட்டங்களுக்கு ஒப்புதல் தர மறுத்தாருங்கிறதுதான். அப்ப வீட்டோ மேல அவங்களுக்கும் வெறுப்பு. அதே வருஷம் பென்சில்வேனியா எழுதின அரசியலமைப்பைப் பாருங்க: ஒரே சபை, ஆளுநர் கிடையாது, பதிலா 12 பேர் கவுன்சில், அதுக்கு வீட்டோ கிடையாது. சுத்தமான மக்களாட்சி மாதிரி தெரியும். நடந்தது என்னன்னா, சபை நினைச்சதெல்லாம் சட்டம், நிறுத்த ஆளில்ல. 1790-ல அதைத் தூக்கிட்டு வேற எழுதினாங்க. வர்ஜீனியாவுலயும் கிட்டத்தட்ட இதே கதை. 173 சர்வாதிகாரிங்க சேர்ந்தா ஒரு சர்வாதிகாரிக்குக் குறைஞ்ச கொடுமையா இருக்காதுன்னு ஜெஃபர்சன் எழுதினது அந்தச் சபையைப் பத்தித்தான்.

1780-ல மாசசூசெட்ஸ் வேற வழி போகுது. ஜான் ஆடம்ஸ் வரைவு. ரெண்டு சபை, ஆளுநருக்கு வீட்டோ, ஆனா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா வீட்டோ செல்லாது. இன்னைக்கும் நடைமுறையில இருக்கு அந்தச் சட்டம்.

இந்தப் பதினோரு வருஷம் இருக்கே, அமெரிக்காவோட அதிர்ஷ்டம் அதுதான். மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற டிசைன் ஓட்டிப் பார்த்து, எது எங்க உடையுதுன்னு கையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் 1787 மே மாசம், நாடு முழுசுக்கும் ஒரு அரசியலமைப்பு எழுத, பிலடெல்பியாவுக்கு வந்தாங்க. வந்தவங்க 55 பேர், கையெழுத்துப் போட்டது 39.

அங்க வீட்டோவை எப்படிப் பூட்டினாங்கன்னு பார்ப்போம். மசோதா ஜனாதிபதி கைக்குப் போனா, ஞாயித்துக்கிழமை நீங்கலா 10 நாள். அதுக்குள்ள கையெழுத்துப் போடணும், இல்லன்னா காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பணும். சும்மா வெச்சிருந்தா தானாவே சட்டமாயிடும். காங்கிரஸ் கலைஞ்சுபோய்த் திருப்பி அனுப்ப முடியாத நிலை வந்தா மட்டும் மசோதா செத்துப்போகும். திருப்பி வந்ததை ரெண்டு சபையும் மூணுல ரெண்டு பங்கால நிறைவேத்தினா ஜனாதிபதி ஒண்ணும் பண்ண முடியாது. இந்த எண்ணுக்கே எவ்வளவு இழுபறி தெரியுமா? ஆகஸ்ட் 15-ல நாலுல மூணு பங்குன்னு ஏத்தினாங்க. செப்டம்பர் 12-ல, கையெழுத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி, திரும்ப மூணுல ரெண்டுக்கு எறக்கினாங்க. ஏத்தி வெச்சா ஜனாதிபதி மன்னராயிடுவாரு, எறக்கி வெச்சா வீட்டோ பொம்மை பிரேக். ரெண்டு பயத்துக்கும் நடுவுல நின்ன எண் அது.

அந்த 10 நாள் கெடு சின்ன விஷயமாத் தெரியும். நம்ம அரசியலமைப்போட 200-வது பிரிவைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்புறதா இருந்தா 'இயன்ற அளவு விரைவாக'ன்னு இருக்கே தவிர, இத்தனை நாள்னு எண்ணே இல்ல. அந்த எண் இல்லாததால என்னென்ன நடந்துச்சுன்னு தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கல. 'நீங்க அதிகாரத்தைப் பிரிக்கவே இல்லையே, ஜனாதிபதி சட்டத்துல தலையிடுறாரு, செனட் நியமனத்துல தலையிடுது, மாண்டெஸ்கியூவுக்கே விரோதம்'னாங்க. அரசியலமைப்பை எழுதினவங்கள்ல ஒருத்தரான மேடிசன் 1788-ல, அதை ஆதரிச்சு வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரை வரிசையில 47-ல பதில் சொல்றாரு: ஒரு துறையோட முழு அதிகாரமும் இன்னொரு துறையோட முழு அதிகாரமும் ஒரே கைக்குப் போகக்கூடாதுன்னுதான் மாண்டெஸ்கியூ சொன்னாரு, கொஞ்சம்கூடக் கலக்கக்கூடாதுன்னு சொல்லல. 48-ல, காகிதத்துல கோடு கிழிச்சா மட்டும் யாரும் நிக்க மாட்டாங்கங்கிறாரு. 51-ல அதுக்கு மருந்து: ஒருத்தர் பதவி ஆசையை இன்னொருத்தர் பதவி ஆசையால தடுக்கணும். படிக்கிறவங்க இந்த மூணையும் இதே வரிசையில படிங்க. 51-ஐ மட்டும் தனியாப் படிச்சா மேற்கோள்தான் கிடைக்கும், வாதம் கிடைக்காது.

இந்த டிசைனுக்கும் நோய் உண்டு. ஓட்டுரிமையே இல்லாத அடிமைகளை அஞ்சுல மூணு பங்கு ஆளாக் கணக்கு வெச்சு, தென் மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தாங்க. எந்த பிரேக்கும் அதைத் தடுக்கல. இன்னொண்ணு, எல்லாரும் ஒரே நேரத்துல பிரேக்கை மிதிச்சா வண்டி அப்படியே நிக்கும். 2025-ல பட்ஜெட் ஒதுக்கீடு நிறைவேறாம அரசாங்கம் 43 நாள் முடங்கிச்சே, அது இந்த வகை. நிக்கும், ஆனா கவிழாது.

பிரான்ஸுக்கு வாங்க. அமெரிக்க மாநில அரசியலமைப்புகள் 1783-லயே, பிராங்க்ளின் முயற்சியால, பிரெஞ்சுல அச்சாயிடுச்சு. பல பிரெஞ்சுக்காரங்களுக்குப் பிடிச்சது எதுன்னு நினைக்கிறீங்க? பென்சில்வேனியா! ரெண்டாவது சபைன்னா பிரபுக்கள் சபைதான்னு அவங்களுக்குப் பயம். பிரான்ஸோட அனுபவத்துல அது நியாயமான பயமும் கூட.

1789-ல புரட்சி வெடிச்சதும், அரசியலமைப்பு எழுத உக்காந்த தேசிய சபை ஆகஸ்ட் 26-ல போட்டது உரிமைப் பிரகடனம், 17 பிரிவு. 16-வது பிரிவு: அதிகாரப் பிரிவினை இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே கிடையாது. இது மாண்டெஸ்கியூ. 6-வது பிரிவு: சட்டம்னா பொது விருப்பத்தோட வெளிப்பாடு. இது ரூசோ. ரூசோ கணக்குல மக்களோட இறையாண்மையைப் பங்கு போட முடியாது. அப்ப பொது விருப்பத்தை மன்னர் எப்படித் தடுக்கலாம்? ஒரே தாள்ல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம.

ரெண்டே வாரத்துல அது வெடிச்சது. சபையில முடியாட்சியை ஆதரிச்ச முனியே தரப்பு ரெண்டு சபையும் முழு வீட்டோவும் கேட்டுச்சு. செப்டம்பர் 10-ல ரெண்டு சபை யோசனை 849-க்கு 89-னு தோத்துச்சு. மறுநாள் 673-க்கு 325-னு வீட்டோவுல ஒரு சமரசம்: மன்னர் தடுக்கலாம், ஆனா தற்காலிகமா. இந்த விவாதத்துலதான் மன்னர் அதிகாரத்தை ஆதரிச்சவங்க தலைவருக்கு வலது பக்கமும் எதிர்த்தவங்க இடது பக்கமும் கூடி உக்கார ஆரம்பிச்சாங்க. நாம சொல்ற இடதுசாரி, வலதுசாரிக்கு வேர் அங்கதான்.

அது 1791 அரசியலமைப்புல எப்படி எழுதப்பட்டுச்சுன்னு பாருங்க. மன்னர் ரெண்டு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். மறுத்தா, அதே தீர்மானத்தை அடுத்த ரெண்டு சபைகளும் அதே வாசகத்துல கொண்டுவந்தாத்தான் சட்டமாகும். ஒரு சபைக்கு ஆயுள் ரெண்டு வருஷம். அப்ப குறைஞ்சது ரெண்டு வருஷம், இழுத்தா அஞ்சாறு வருஷம். மூணுல ரெண்டு பங்குன்னு ஒரு வழியே கிடையாது. 745 பேர்ல 700 பேர் ஒண்ணா நின்னாலும் காத்துக்கிட்டுத்தான் கிடக்கணும். 'தற்காலிகம்'ங்கிற பேர்ல, புரட்சி நேரத்துல, இது முழு வீட்டோதான்.

சரி, மன்னர் சபையைக் கலைச்சுத் தேர்தலுக்குப் போகலாமா? முடியாது. சபை உறுப்பினரை மந்திரியாக்கிச் சமாதானம் பண்ணலாமா? அதுவும் தடை, பதவி முடிஞ்சு ரெண்டு வருஷம் வரைக்கும். இந்தத் தடை 1789 நவம்பர்ல, சபையோட பெரிய பேச்சாளர் மிராபோ மந்திரியாயிடக்கூடாதுன்னு போட்டது. ஒரு ஆளைத் தடுக்கப் போட்ட பூட்டு, ரெண்டு துறைக்கும் நடுவுல இருந்த ஒரே கதவைச் சாத்திடுச்சு. சபை மன்னரை நீக்கலாமா? நாட்டை விட்டுப் போய்த் திரும்பாம இருக்கிறது, நாட்டுக்கு எதிராப் படை நடத்துறது, பிரமாணத்தை மீறுறது, இப்படிச் சில காரணம் மட்டும்தான். அரசியலமைப்பையே திருத்தலாமா? முதல் ரெண்டு சபை வாயே திறக்கக்கூடாது. அப்புறம் தொடர்ச்சியா மூணு சபை கேட்கணும், நாலாவது சபை திருத்தணும். கூட்டிப் பாருங்க, பத்து வருஷம்.

திரையில நான் வரைஞ்ச படத்தைப் பாருங்க. ரெண்டு பெட்டி, நடுவுல சுவரு. ஒரு பக்கம் மட்டும் பிரேக், அதையும் விடுவிக்க லீவர் இல்ல. இது போதாதுன்னு, சபை உறுப்பினர் ரோபஸ்பியர் கொண்டுவந்த தீர்மானத்தால, எழுதினவங்க யாரும் அடுத்த சபைக்கு நிக்கக்கூடாது. மெஷின் செஞ்ச மெக்கானிக் மொத்தப் பேரும் வீட்டுக்குப் போயாச்சு.

1791 அக்டோபர்ல சபை கூடுது. நவம்பர்ல, வெளிநாடு ஓடின பிரபுக்களைப் பத்தின தீர்மானம், வீட்டோ. டிசம்பர்ல, புது ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத பாதிரியார்கள் பத்தினது, வீட்டோ. 1792 ஏப்ரல் 20, ஆஸ்திரியாவோட போர் வந்தாச்சு. ஜூன்ல ரெண்டு: அந்தப் பாதிரியார்களை நாடு கடத்துறது, பாரிஸ் பக்கத்துல 20,000 காவல் படையினர் முகாம். ரெண்டுக்கும் வீட்டோ. எதிரி எல்லையில நிக்கும்போது, சில வருஷம் கழிச்சுப் பாரிஸைக் காப்பாத்திக்கங்கன்னு சொன்ன மாதிரி. சட்டத்துக்குள்ள வழியே இல்லாததால வழி தெரு வழியா வந்துச்சு. ஜூன் 20-ல குல்லா. ஆகஸ்ட் 10-ல அரண்மனையைப் பிடிச்சாச்சு, மன்னர் பதவி போச்சு. மன்னர் பிரமாணம் எடுத்து பதினோரு மாசம்கூட முடியல. ராஜா நல்லவரா கெட்டவரான்னு நிறைய பேர் வாதாடுறாங்க; அவரு பாரிஸ்லருந்து தப்பி ஓடி, வாரென் (Varennes)ங்கிற ஊர்ல பிடிபட்டவருங்கிறதையும் நான் மறக்கல. ஆனா நேர்மையான ராஜா இருந்திருந்தாலும் இந்தப் பூட்டு சிக்கியிருக்கும்னுதான் நான் சொல்வேன்.

1793-ல எழுதினது அமலுக்கே வரல. 1795-ல பாடம் கத்துக்கிட்ட மாதிரி ரெண்டு சபை வெச்சாங்க: ஐநூற்றுவர், மூத்தோர் 250 பேர். மூத்தோருக்கு வயசு 40, கல்யாணமானவரா, இல்ல மனைவியை இழந்தவரா இருக்கணும். நிர்வாகத்துக்கு அஞ்சு இயக்குநர்கள். ஆனா வீட்டோவுல சூடு பட்டவங்க இல்லையா, இந்தத் தடவை வீட்டோவே வைக்கல. கலைக்கிற அதிகாரமும் இல்ல. வருஷா வருஷம் மூணுல ஒரு பங்கு இடத்துக்குத் தேர்தல். இயக்குநர்களுக்குப் பிடிக்காதவங்க ஜெயிச்சு வந்தா என்ன பண்றது? 1797 செப்டம்பர்ல பட்டாளத்தை வெச்சு உறுப்பினர்களைத் தூக்கினாங்க. 1798 மே-ல நூத்துக்கு மேல இடத்துல தேர்தலையே செல்லாதுன்னாங்க. 1799 ஜூன்ல சபைங்க திருப்பி அடிச்சு இயக்குநர்களை வெளியேத்துச்சு. நவம்பர்ல, பட்டாளத்தைக் கூப்பிட்டே பழகின ஊருக்கு, நெப்போலியன் தானே வந்துட்டாரு.

அந்தக் கலைக்கிற அதிகாரம் இன்னைக்கு இருக்கிற 1958 அரசியலமைப்புல 12-வது பிரிவா உக்காந்திருக்கு, கூடவே ஒரு லாக்: ஒரு தடவை கலைச்சுத் தேர்தல் வெச்சா ஒரு வருஷத்துக்கு மறுபடி கலைக்க முடியாது. 2024 ஜூன் 9-ல ஜனாதிபதி மக்ரோன் கலைச்சாரு, வந்த சபையில யாருக்கும் பெரும்பான்மை இல்ல, ஒரு வருஷம் அதை வெச்சே ஓட்ட வேண்டியதாச்சு. நீதிபதிங்க கதை தனி. 1790 ஆகஸ்ட் சட்டம் நிர்வாகத்துல நீதிமன்றம் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு சொன்னதுல ஆரம்பிச்சு, நடைமுறையில இருக்கிற சட்டத்தை வழக்குல நிக்கிற ஒரு சாதாரண ஆள் அரசியலமைப்புக்கு விரோதம்னு கேள்வி கேட்கிறதுக்கு 2010 மார்ச் வரைக்கும் ஆச்சு. அமெரிக்காவுல 1803-லயே, ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால, அந்த வேலை முடிஞ்சிருச்சு. அந்த ரெண்டு நூற்றாண்டு வித்தியாசத்தை அடுத்த வீடியோவுல வெச்சுக்குவோம்.