பேர் மறந்துபோன வெளிநாட்டுப் படத்தை எப்படித் தேடுறது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதியிருக்கார், சுருக்கி வாசிக்கிறேன். "சின்ன வயசுல ஒருநாள் ராத்திரி டிவியில ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தேன். ஒருத்தர் சைக்கிள்ல ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருப்பார். இறங்கவே கூடாது. மனைவி ஆஸ்பத்திரியில கிடப்பாங்க. சின்னப் பையன் ஒருத்தன் கூடவே இருப்பான். கடைசியில அந்த ஆள் சுருண்டு விழுந்து செத்துப்போவார். அரபுப் படமா, துருக்கிப் படமான்னு தெரியலை. கறுப்பு வெள்ளைன்னு நினைக்கிறேன். பல வருஷமாத் தேடுறேன், கிடைக்கலை. இந்த மாதிரிப் படத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

நல்ல கேள்வி. படம் எதுன்னு எனக்குத் தெரியும். ஆனா இப்பவே சொல்லிட்டா நீங்க மட்டும் வீடியோவை மூடிட்டுப் போயிடுவீங்க, இதே மாதிரி தவிச்சிக்கிட்டு இருக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. அதனால கொஞ்சம் பொறுங்க.

முதல்ல, ஏன் கிடைக்கலை? நீங்க எப்படித் தேடியிருப்பீங்கன்னு என்னால ஊகிக்க முடியுது. சைக்கிள், வெளிநாட்டுப் படம், ஏழை அப்பா, பையன். இப்படிப் போட்டா என்ன வரும்? 1948ல வந்த இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்' வரும். அதுல அப்பாவும் இருக்கார், பையனும் இருக்கான், சைக்கிளும் இருக்கு. உலகத்துல பாதிப் பேர் அதைப் பத்தி எழுதியிருக்காங்க, அதனால அதைத் தாண்டி உங்க தேடல் நகரவே நகராது. கொஞ்சம் முட்டி மோதினா, 2001ல வந்த சீனப் படம் 'பெய்ஜிங் பைசைக்கிள்' வரும். அவ்வளவுதான். தேடுறவங்க எல்லாரும் இங்கதான் சிக்கிக்கிறாங்க. கதைச்சுருக்கத்தைப் போட்டுத் தேடுறாங்க. நோயாளி மனைவி, பணக் கஷ்டம், அப்பா பிள்ளைப் பாசம்... இதெல்லாம் ஆயிரம் படத்துல இருக்கு. வேற எந்தப் படத்துலயும் இல்லாதது எதுன்னு யோசிங்க. உங்க கேள்வியிலேயே அது இருக்கு: "இறங்கவே கூடாது". ஒரு மனுஷன் நாள்கணக்கா சைக்கிளை விட்டு இறங்காம வட்டம் அடிக்கிறான். இதைத்தான் இங்கிலீஷ்ல ஒரு முழு வாக்கியமா எழுதித் தேடணும். சுத்தி நின்னு ஜனங்க பந்தயம் கட்டினது ஞாபகம் இருந்தா அதையும் சேர்த்துக்கணும். "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு நாம விட்டுடுற துணுக்குதான் பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு விஷயம், ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம்? பார்ட்லெட்னு கேம்பிரிட்ஜ்ல ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தார். 1932ல 'ரிமெம்பரிங்'னு ஒரு புத்தகம் போட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களோட கதை ஒண்ணை இங்கிலாந்து ஆட்கள்கிட்ட படிக்கக் கொடுத்து, கொஞ்ச நாள் விட்டு விட்டு, ஞாபகத்துல இருந்து திருப்பி எழுதச் சொன்னார். அந்தக் கதையில சீல் வேட்டைக்குப் போவாங்க. இவங்க எழுதும்போது மீன் பிடிக்கப் போறாங்கன்னு ஆயிடுச்சு. தோணி படகாயிடுச்சு. புரியாத இடம் எல்லாம் காணாமப் போச்சு. யாரும் பொய் சொல்லலை. அவங்கவங்களுக்குப் பழக்கமான மாதிரி மனசு கதையைத் திருத்திக்குது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் படம் பார்க்கும்போதும் அப்படியே. நாம பார்த்துப் பழகின படங்கள்ல இந்த மாதிரி ஆள் கடைசியில செத்துத்தான் ஆகணும். அதனால மனசு அவரைச் சாகடிச்சிடும்! இன்னொண்ணும் சொல்றேன். 1974ல லாஃப்டஸ், பால்மர்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கார் விபத்துப் படத்துண்டு ஒண்ணைப் போட்டுக் காட்டினாங்க. ஒரு கூட்டத்துகிட்ட "கார்கள் மோதினப்ப என்ன வேகம்"னு கேட்டாங்க, இன்னொரு கூட்டத்துகிட்ட "நொறுங்கினப்ப என்ன வேகம்"னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு "உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களா"ன்னு கேட்டா, "நொறுங்கின"ன்னு கேள்வி வாங்கின கூட்டத்துல மத்த கூட்டத்தை விட அதிகம் பேர் ஆமான்னாங்க. படத்துல உடைஞ்ச கண்ணாடியே கிடையாது. இதை எதுக்குச் சொல்றேன்னா, நீங்க தேடும்போது பார்க்கிற ஒவ்வொரு போஸ்டரும், நண்பர்கள் கேக்கிற "அதுல ஒரு குதிரை வருமே"ங்கிற ஒவ்வொரு கேள்வியும் உங்க ஞாபகத்துக்குள்ள புகுந்துடும்.

அதனால தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வச்சிடுங்க. கண்ணால பார்த்த காட்சி ஒரு பக்கம், நீங்களா முடிவு கட்டினது இன்னொரு பக்கம். இந்த நேயர் விஷயத்துல பார்த்தா, வட்டமாச் சுத்துறது, இறங்காம ஓட்டுறது, கூட இருக்கிற பையன் – இதெல்லாம் காட்சி. அரபு, துருக்கி – இது ஊகம். கறுப்பு வெள்ளைங்கிறதும் சந்தேகம்தான், ஏன்னா டிவி பெட்டியே கறுப்பு வெள்ளையா இருந்திருக்கலாம். செத்துப்போறது... அதுக்கு வர்றேன்.

நீங்க பார்த்தது ஈரான் படம். மோசென் மக்மல்பாஃப் எடுத்தது, இங்கிலீஷ்ல 'தி சைக்கிளிஸ்ட்'. பாரசீகத்துல 'பைசிக்லெரான்'. ஹீரோ ஆப்கானிஸ்தான்ல இருந்து ஈரானுக்கு வந்த அகதி, பேரு நசீம். ஆப்கானிஸ்தான்ல அவர் சைக்கிள் சாம்பியனா இருந்தவர். மனைவியோட ஆஸ்பத்திரி செலவுக்குக் காசு இல்லை. ஒருத்தன் வந்து, ஏழு நாள் ராத்திரி பகலா இறங்காம ஓட்டினா பணம்னு பேரம் பேசுறான். அப்புறம் ஒரே திருவிழாக் கூட்டம், சூதாட்டம், அரசியல். படம் பார்க்காதவங்க ஒரு நிமிஷம் காதைப் பொத்திக்குங்க: அவர் சாகுறது இல்லை. ஏழு நாள் முடிஞ்சும் நிறுத்தாம சுத்திக்கிட்டே இருக்கார். என்னைக் கேட்டா, நீங்க நினைச்சு வச்சிருக்கிற முடிவை விட இது பயங்கரம். படமும் கலர் படம்தான். ஆக, "சைக்கிள்காரர் செத்துப்போற கறுப்பு வெள்ளை அரபுப் படம்"னு தேடினா எத்தனை வருஷம் தேடினாலும் கிடைச்சிருக்காது.

இந்தப் படத்துக்கு ஆண்டு ஒரு இடத்துல 1987ன்னு போட்டிருக்கும், இன்னொரு இடத்துல 1989ன்னு இருக்கும். படம் எடுத்த வருஷம் ஒண்ணு, வெளியான வருஷம் ஒண்ணுன்னு பட்டியல்கள்ல இப்படி மாறி மாறி வர்றது சகஜம். ஐஎம்டிபின்னு படங்களோட விவரம் எல்லாம் இருக்கிற இணையதளம் இருக்கு, அதோட விரிவான தேடல்ல நாடு, மொழி, ஆண்டு, கதைக் குறிச்சொல் எல்லாம் போட்டு வடிகட்டலாம். ஆனா ஆண்டை ஒத்தையாப் போடாதீங்க, முன்ன பின்ன அஞ்சு வருஷம் இடம் விடுங்க. நாடு நிச்சயமாத் தெரியலைன்னா அந்தப் பெட்டியைக் காலியா விட்டுடுங்க. தப்பான நாட்டைப் போட்டா சரியான படத்தை நீங்களே வெளிய தள்ளிடுவீங்க.

நாடு மட்டும் உறுதியாத் தெரியும், வேற ஒண்ணுமே ஞாபகமில்லைன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. ஆஸ்கர்ல வெளிநாட்டுப் படத்துக்கான பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் வருஷத்துக்கு ஒரு படம்தான் அனுப்ப முடியும். 1956ல இருந்து போட்டியா நடக்குது. எந்த நாடு எந்த வருஷம் எதை அனுப்பிச்சுதுன்னு விக்கிபீடியாவுல நாடுவாரியாப் பட்டியல் இருக்கு. அரை மணி நேரத்துல ஒரு நாட்டோட பட்டியலைப் பார்த்து முடிச்சிடலாம். திரைப்பட விழாவுல பார்த்த படம்னா இன்னும் சுலபம், அந்த வருஷத்து விழா கையேட்டைப் பிடிச்சாப் போதும்.

சில பேர் தேடுறது படமாவே இருக்காது. கீஸ்லோவ்ஸ்கிங்கிற இயக்குநரோட 'டெகலாக்' போலந்து டிவிக்காக எடுத்த பத்துக் கதை, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுல ஒண்ணை மட்டும் பார்த்தவர் அதைச் சினிமான்னுதான் நினைச்சிருப்பார், சினிமாப் பிரிவுலயே தேடிக்கிட்டு இருப்பார். அதனால தேடும்போது டிவி தொடர், குறும்படம் ரெண்டையும் சேர்த்துக்குங்க.

பாட்டு மட்டும் ஞாபகம் இருந்தா கூகுள் ஆப்ல முனகிப் பாருங்க, 2020ல இருந்து அந்த வசதி இருக்கு. செயற்கை நுண்ணறிவுகிட்டயும் கேக்கலாம், தப்பில்லை. ஆனா இல்லாத படத்துக்குப் பேரு, இயக்குநர், வருஷம் எல்லாம் வச்சுக் கண்ணிமைக்காமச் சொல்லும். அது சொல்ற பேரை ஐஎம்டிபியில போட்டு, படமே இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்புறம் கதையைப் படிக்காம நேரா படக்காட்சிகளைப் பாருங்க. கதையைப் படிச்சா "ஆமா, இதேதான்"னு மனசு சட்டுனு ஒத்துக்கும். முகத்தையும் இடத்தையும் பார்த்தா அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: ராத்திரி வெளிச்சத்துல, கூட்டத்துக்கு நடுவுல அந்த ஆள் சுத்துற காட்சிகளைத் தேடிப் பாருங்க. இது இல்லைன்னா, உங்க படத்துல அவர் வட்டமா ஓட்டினாரா, இல்லை சாலையில நேராப் போனாரா, அதை மட்டும் யோசிச்சு எழுதுங்க. நேரான சாலைன்னா நாம தேட வேண்டியது வேற படம்.