அயலாரே நம் விசுவாசத்தின் சாட்சிகள்

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரியவர்களே, பெருவிழா வேலைகளுக்கு நடுவிலும் இந்தப் பங்கு மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கடவுளை நம்பி வாழ்கிறவரை அடையாளம் காட்டுவது அவருடைய செபமா, அவர் பிறரை நடத்தும் விதமா என்பது இன்று நமக்குத் தரப்பட்ட கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் செபமே என்று வாதிட்டார். பதுங்குகுழிக்குள் செபமாலையைப் பற்றிக்கொண்டு விடியும் வரை இருந்த மக்களையும், 2008 ஏப்ரலில் மன்னாரின் மடுத் திருத்தலத்திலிருந்து மடு மாதாவின் திருச்சொரூபத்தைப் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்ற நாட்களையும், அதே ஆண்டு ஓகஸ்டில் மாதா மடுவுக்குத் திரும்பியதையும் அவர் நினைவூட்டியபோது இந்த மண்டபத்தில் பலருடைய கண்கள் கலங்கின. அந்தச் செபத்தைக் குறைத்துப் பேச வன்னியில் பிறந்த யாராலும் முடியாது. நான் கேட்பது வேறொன்று. செபத்தைக் கேட்பவர் கடவுள். ஒருவர் கடவுளை உண்மையாகவே நம்புகிறாரா என்பதை அருகில் இருப்பவர்கள் எதைக் கொண்டு அறிகிறார்கள்? தலைப்பில் இருக்கும் சொல் ‘அடையாளம் காட்டுவது’ என்பதாகையால், நான் அந்த இடத்திலேயே நின்று பேசுகிறேன்.

தொடக்கநூல் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆபிராமுக்கும் அவருடைய சகோதரன் மகன் லோத்துக்கும் ஆடுமாடுகள் பெருகின, தரை போதவில்லை, மேய்ப்பர்களுக்குள் சண்டை மூண்டது. மேய்ச்சல் தரையால் பட்டிக்காரருக்கும் வயல்காரருக்கும் வரும் பிணக்கைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூத்தவர் ஆபிராம், கடவுளின் வாக்குறுதியைப் பெற்றவரும் அவரே. அப்படியிருந்தும், நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று இளையவனுக்கு முதல் தெரிவைக் கொடுத்தார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆபிராம் பீடத்தருகே ஆண்டவரின் பெயரைத் தொழுதார் என்று எழுதியிருப்பதை எதிரணியினர் எடுத்துக்காட்டக்கூடும். அவர்களுக்கு முன் நானே காட்டிவிடுகிறேன். அந்தத் தொழுகை மெய்யானது என்பது எப்போது வெளிப்பட்டது? நல்ல நிலம் கண்முன்னே கிடக்க, கடவுள் தந்தது தன்னை விட்டுப் போகாது என்ற தைரியத்தோடு அவர் விலகி நின்றாரே, அப்போதுதான் வெளிப்பட்டது.

நம் ஊர்களுக்கு வருகிறேன். மீள்குடியேறி வந்தபோது காணிகளில் எல்லை தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. பலருடைய காணி உறுதிகள் இடப்பெயர்விலே தொலைந்து போயிருந்தன. வேலிக் கதியால் ஒன்றை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக, ஒரே கோயிலில் அடுத்தடுத்த வாங்குகளில் முழந்தாளிட்டுச் செபம் சொன்ன இரு குடும்பங்கள் வருடக்கணக்கில் முகம் பாராமல் இருந்ததை நான் அறிவேன். அவர்கள் செபிக்காமல் இல்லை. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்களுக்கு, இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு முழத்தை விடுவதற்கு வேண்டியிருந்தது கடவுள்மீது வைக்கும் நம்பிக்கைதான்.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கடன்காரனின் உவமை எனக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அரசனிடம் அவன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே அவனுடைய கடன் ஆறு கோடி நாள் கூலி. எத்தனை பிறவி எடுத்தாலும் தீராத அந்தக் கடனுக்கு அவன் அரசனிடம் கேட்டது, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்பதுதான். அவன் கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி. வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரித்தான். 100 தெனாரியமும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அது உண்மையான கடன்தான். ஆனால் அவன் ஏன் அவ்வளவு அவசரப்பட்டான்? கடன் முழுவதும் போய்விட்டது என்பதை அவன் நம்பவில்லை, தவணை கிடைத்ததாகவே எண்ணி, கட்டுவதற்குக் காசு சேர்க்கப் புறப்பட்டுவிட்டான் என்றே நான் வாசிக்கிறேன். அரசனின் இரக்கத்தை நம்பியிருந்தால் அவனுடைய கை அந்தக் கழுத்துக்குப் போயிருக்காது. அரசன் முன் அவன் விழுந்து மன்றாடினான் என்பதையும் மறக்க வேண்டாம். மன்றாட்டில் அவனுக்குக் குறை இருக்கவில்லை.

கடன் என்றதும் இங்கே இருக்கும் தாய்மார் பலருக்கு வேறொரு நினைவு வந்திருக்கும். போர் முடிந்த பின் நுண்கடன் வன்னிக் கிராமங்களுக்குள் வந்தது. தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை, வறட்சி பாதித்த மாவட்டங்களில் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை வளர்ந்தது. சேர்ந்து கடன் எடுத்த குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, கடனை விடவும் கொடியதாக, அயலவரை அயலவருக்கு எதிராக நிறுத்தியது. ஒரு காலையில் வேப்ப மரத்தடியில் குழு கூடியிருந்தது. கடன் சேகரிக்க வந்தவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத ஒருவரைக் கூட்டிவரும்வரை யாரும் எழும்பக் கூடாது என்றார். அந்தப் பெண் தன் வீட்டுக் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் அவரை இழுத்துவர எழுந்தபோது, குழுவிலிருந்த அக்கா ஒருவர், “அவளைப் போய்க் கூப்பிடாதேங்கோ, இந்தக் கிழமை அவளுக்கும் சேர்த்து நான் கட்டுறன்” என்று சொல்லி, மடியில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்தார். அவரும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்தான். அவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் செபிக்கிறார் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. நாளைய பாட்டைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் நம்புகிறார் என்பது அந்த முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

எதிரணியினர் மடுவைக் காட்டினார்கள். நானும் மடுவையே காட்டுகிறேன். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பல்லாயிரம் பேர் அந்த வளவுக்குள் தஞ்சமிருந்தார்கள். வந்தவர் சைவரா கத்தோலிக்கரா என்று கேட்டு அந்த வாசல் திறக்கப்படவில்லை. மாதாவை நம்பியவர்கள் யார் என்பதை அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் அப்படித்தான் அறிந்தார்கள்.

இதைச் சொல்கையில், நமக்குக் கடினமான ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போனார்கள். போரின் பின் அவர்கள் திரும்பி வந்து தம் காணிகளைக் கேட்டபோது, இடப்பெயர்வு என்பது என்னவென்று எவரையும்விட நன்றாக அறிந்த நாம் அவர்களை எப்படி வரவேற்றோம் என்று ஒவ்வொரு பங்கும் தன்னையே கேட்க வேண்டும். லூக்கா 10ஆம் அதிகாரத்தில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன இருவரும் ஆலயத்தில் பணி செய்கிறவர்கள். அயலவன் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் சமாரியன் ஒருவனைக் காட்டியே விடை தந்தார்.

அப்படியானால் எல்லாவற்றையும் மறந்துவிடு என்கிறீர்களா என்று எதிரணியிலிருந்து ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு என் விடை, இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் போய் மன்னித்துவிடுங்கள் அம்மா என்று சொல்லும் உரிமை, பிள்ளையைத் தொலைக்காத யாருக்கும் இல்லை. பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்லும் உரோமையர் 12ஆம் அதிகாரம், உண்மையைக் கேட்கும் உரிமையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தத் தாய்மாரைக் கடந்து பேருந்தில் போகிற நாம் ஒரு நாளாவது இறங்கி, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டோமா? கடவுளின் அருள் நம்மிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

கடைசியாக ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், பீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள், பின்பு வந்து செலுத்து என்று ஆண்டவர் சொல்கிறார். ஆராதனையை நடுவில் நிறுத்தி மனிதனை அயலவனிடம் அனுப்பியவர் அவரே. செபம்தான் அடையாளம் என்றால், ஆண்டவர் ஏன் இந்த வரிசையை வைத்தார் என்பதை எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரர் இந்த மேடையில் விளக்கட்டும். வாய்ப்புத் தந்த நடுவர் அவர்களுக்கு நன்றி.