நகராண்மைக் கழகமே வரியை முடிவு பண்ணினா பில் ஏறுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: “மாநில அரசு தலையிடாம, நகராண்மைக் கழகமே சுக்காய் பிந்துவை (வீட்டு மதிப்பீட்டு வரியை) முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டா, எங்க தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டு பில் ஏறுமா?” தோட்டத்து லயத்துல இருந்த வரைக்கும் இந்த பில்லைப் பார்க்காதவங்க நிறைய பேர், அதனால அடியிலிருந்தே சொல்றேன்.

பில்லைக் கையில எடுங்கம்மா. நிலாய் தஹுனான்னு ஒரு தொகை, காடார்னு ஒரு சதவீதம், அதாவது வரி விகிதம், இருக்கும். முதல் தொகை, உங்க வீட்டை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு என்ன வரும்ங்கிற மதிப்பு. மாசம் 500 வெள்ளின்னா (ரிங்கிட்) 6,000. காடார் 8 சதவீதம்னு வச்சா 480, அரையாண்டுக்கு 240. பிப்ரவரி கடைசியும் ஆகஸ்ட் கடைசியும் கெடு. ஜொகூர்ல வாடகைக்குப் பதிலா சொத்தோட விலையை வச்சுப் போடுவாங்க. நிலவரி வேற, அது நில அலுவலகத்துக்குப் போறது.

1976 ஊராட்சிச் சட்டப்படி காடாரைக் கழகம் போடும், மாநில அரசு ஒப்புதல் தரணும். உச்சவரம்பு வருடாந்திர மதிப்புல 35 சதவீதம், சொத்து விலைன்னா 5 சதவீதம். வசூலிக்கிறது அதுக்கு ரொம்பக் கீழே. கழகமே முடிவு பண்ணட்டும்னு கேக்குறது, மாநில அரசோட அந்த ஒப்புதல் கையெழுத்தை எடுக்கத்தான்.

ஆனா பில்லைத் தூக்குறது பெரும்பாலும் மதிப்புதான். 5 வருஷத்துக்கு ஒரு தடவை மதிப்புப் பட்டியலைப் புதுப்பிக்கணும். மாநில அரசு தவணையை நீட்டிக்கலாம். நீட்டிக்க நீட்டிக்க, ஏற்றம் மொத்தமா வந்து விழும். கோலாலம்பூர்ல 1992-க்கு அப்புறம் 2013-லதான் புது மதிப்பு நோட்டீஸ் போச்சு. மக்கள் கொதிச்சாங்க, குடியிருப்பு வீட்டுக் காடாரை 6-லிருந்து 4 சதவீதமாக் குறைச்சாங்க. நம்ம கணக்குல வாடகை 900 ஆச்சுன்னா மதிப்பு 10,800. அதே 480 வரணும்னா காடார் 4.4-க்கு இறங்கணும். இறங்கலேன்னா 864.

இங்க 1965-ல ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வச்சாங்க, 1976 சட்டம் அதை ஒரேயடியா எடுத்துருச்சு. இப்ப உறுப்பினர்களை நியமிக்கிறதே மாநில அரசுதான். ஓட்டுப் போட்டு மாத்த முடியாதவங்க கையில காடாரையும் முழுசா கொடுக்கிறது எனக்குச் சரியாப் படல. தேர்தல் முதல்ல வரட்டும்.

புது மதிப்பு நோட்டீஸ் வந்தா, ஆட்சேபத்தை எழுத்துல கொடுங்க. விசாரணைத் தேதிக்கு 14 நாளுக்குக் குறையாம முன்னாடி போய்ச் சேரணும். “வரி கட்ட முடியல”ன்னு எழுதினா எடுபடாது, சட்டத்துல அது காரணமே இல்ல. “மதிப்பு கூடுதல்”னு எழுதி, அதே வரிசையில அதே அளவு வீட்டோட வாடகை ஒப்பந்த நகலை இணைங்க. அந்த வீட்ல பின்னாடி அடுப்படி இழுத்துக் கட்டியிருந்து உங்க வீட்ல கட்டலேன்னா, ரெண்டையும் படம் எடுத்து வைங்க. முடிவு பிடிக்கலேன்னா உயர் நீதிமன்றம் போகலாம். ஆட்சேபம் போட்டாச்சேன்னு பில்லைக் கட்டாம விட்றாதீங்க. பாக்கி நின்னா நோட்டீஸ், அப்புறம் வீட்டுச் சாமானை ஜப்தி பண்ற வாரண்டு வரும்.