பல் டாக்டர் நன்றாகப் பார்க்கிறாரா? எதை வைத்துச் சொல்வது

[திரையில்: ஒரு கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரே]

வணக்கம். திரையில் தெரிகிற பல்லுக்கு ரூட் கெனால் முடிந்து, கேப்பும் போட்டாகிவிட்டது. வலி துளிகூட இல்லை. ஆனால் வேர் நுனியைப் பாருங்கள், கருப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளே கிருமி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

வலிக்காமல் எப்படி இருக்கும்? ரூட் கெனாலில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையே எடுத்துவிடுகிறார்கள். நரம்பு போனால் வலியும் போய்விடும், வேலை அரைகுறையாக முடிந்திருந்தாலும். "வலி நின்னுடுச்சு, நல்ல டாக்டர்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறோமே, அந்த அளவுகோல் பல் விஷயத்தில் பல நேரம் நம்மை ஏமாற்றிவிடும்.

1966-இல் அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர், சிகிச்சையின் தரத்தை மூன்று பக்கமிருந்து பார்க்கச் சொன்னார். என்ன வசதி இருக்கிறது, வேலையை எப்படிச் செய்கிறார்கள், கடைசியில் நோயாளிக்கு என்ன ஆனது. நாம் கூகுளில் நட்சத்திரம் போடும்போது பெரும்பாலும் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறோம். ஏசி இருந்தது, காக்க வைக்கவில்லை, ரிசப்ஷனில் தன்மையாகப் பேசினார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். பல்லுக்கு என்ன ஆனது என்பது மட்டும் அதில் வராது.

சரி, ரூட் கெனாலிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, அடைத்து முடித்த பின் எடுத்த எக்ஸ்ரே, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இப்போது பல இடங்களில் டிஜிட்டல் எக்ஸ்ரேதான், வாட்ஸப்பிலேயே அனுப்பிவிடுவார்கள். பின்னால் எடுத்த படத்தில் வேருக்குள் அடைத்த மருந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு நடுவில் இடைவெளி விடாமல் போய், வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பாதி வேரிலேயே நின்றுவிட்டாலோ, நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஏன் என்று கேளுங்கள். வளைந்த வேர், வேருக்குள் அடைபட்ட கால்வாய் (கெனால்) என்று நியாயமான காரணமும் இருக்கலாம். அதை டாக்டர் தானாகவே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். மேல்வரிசையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்தான், ஆனால் உள்ளே கால்வாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது மிக மெல்லியது, தேடினால்தான் கிடைக்கும். அதைப் பார்க்காமல் மூடிவிட்டால் கிருமி அங்கேயே குடியிருக்கும். அதனால் "எத்தனை கெனால் கிடைச்சது டாக்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது.

[திரையில்: ரப்பர் டேம் மாட்டிய பல்]

இது ரப்பர் டேம். சிகிச்சை செய்கிற பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டும் ரப்பர் விரிப்பு. எச்சில் பல்லுக்குள் போகாது, கழுவுகிற மருந்து வாயில் இறங்காது, சின்ன ஊசி நழுவினாலும் தொண்டைக்குள் விழாது. மாட்டச் சில நிமிடம் ஆகும். கூட்டம் இருக்கும் நாளிலும் அந்தச் சில நிமிடத்தைச் செலவழிக்கும் டாக்டர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

முடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் வேலை தீர்ந்ததா? ஐரோப்பிய எண்டோடான்டிக் (ரூட் கெனால் சிகிச்சை) சங்கத்தின் வழிகாட்டுதல், குறைந்தது ஒரு வருடம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. முழுதாக ஆறவில்லை என்றால் நான்கு வருடம் வரை கவனிக்க வேண்டும். "ஒரு வருஷம் கழிச்சு வந்து காட்டுங்க" என்று கூப்பிடுகிற கிளினிக், தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கிற கிளினிக்.

அடுத்து கருவிகளின் சுத்தம். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் பத்துப் பேருக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல்லைக் காட்டப் போனவர்கள் அவர்கள். கிருமி எந்த வழியாக வந்தது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் ஒரு சலைன் பாட்டிலில் போய் நின்றார்கள். சுத்திகரிக்காத கருவியால் அதைத் திறந்து, பஞ்சால் அடைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதே பாட்டிலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய மெஷின் எதுவும் தேவைப்படாத இடத்தில் நடந்த தவறு இது.

[திரையில்: சீல் செய்த பையில் கருவிகள்]

நீங்கள் பார்க்க வேண்டியது இந்தப் பை. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உங்கள் கண்ணெதிரே கிழித்துத் திறக்க வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தோடு, குறைந்தது 15 நிமிடம் இருந்தால் முரட்டுக் கிருமிகளும் சாகும். வெறும் கொதிநீர் போதாது. நீல வெளிச்சம் எரிகிற யுவி பெட்டி, சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்கத்தான். அதுவே சுத்தம் செய்துவிடாது. பையில் இருக்கும் குறி நிறம் மாறியிருந்தால் சூடு பட்டது என்று தெரியும், அவ்வளவுதான். கிருமி உண்மையில் செத்ததா என்று காட்டுவது, எளிதில் சாகாத கிருமி வித்துகளை ஆட்டோகிளேவுக்குள் வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட். அதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுக்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைப்பது கணக்கில் வராது. கேட்டால் கோபப்படுகிற இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

டாக்டர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஈறு. பெரும்பாலான இடங்களில் அளக்காமல் விடுவது இதைத்தான். மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கருவியால், ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளப்பார்கள். 1 முதல் 3 வரை இருந்தால் நல்லது. 4 அல்லது அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது. தொட்டதும் ரத்தம் வருகிற இடங்களையும் குறித்துக்கொள்வார்கள். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே வரும், அதனால் அவர்களுக்கு ஆழத்தின் எண் இன்னும் முக்கியம்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. பல்லிடுக்கில் கல்லாக இறுகிய காரை போனதும், ஈறு ஏற்கெனவே இறங்கியிருந்தது வெளியே தெரிகிறது. அது க்ளீனிங்கால் வந்த இடைவெளி இல்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவும் எண்தான் வழி. முன்பு 6 இருந்த இடம் மூன்று மாதம் கழித்து 4 ஆகியிருந்தால் வைத்தியம் வேலை செய்திருக்கிறது. அளக்கவே இல்லை என்றால் டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கடைசியாக, செய்யாமல் விடுவதும் தரம்தான். எனாமலில் வெள்ளைப் புள்ளியாக ஆரம்பிக்கும் சொத்தையைக் குடைய வேண்டியதில்லை; ஃப்ளோரைடு தடவி, இனிப்பைக் குறைத்து, கவனித்துக்கொண்டே இருந்தால் பல நேரம் அதோடு நின்றுவிடும். வலியும் இல்லை, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை, ஆனால் ஐந்தாறு பல்லுக்கு ரூட் கெனால் என்று எஸ்டிமேட் மட்டும் கையில் கொடுக்கிறார்களா? ஒவ்வொரு பல்லுக்கும் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சொல்வதும் முதல் டாக்டர் சொன்னதும் ஒத்துப்போனால், தயங்காமல் அவரிடமே போய்ச் சிகிச்சையை முடித்துக்கொள்ளுங்கள்.